வரைபடமா, பட்டறைக் குறிப்பா? ஊடாட்டக் காட்சிகள் குறித்த ஒரு மறுவாசிப்பு

கோட்டூர்புரத்தில் உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் போன்றவற்றைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு கேள்வியின்றி நிலைத்துவிட்டது. நம் அறிவியல் மையங்களின் ஊடாட்டக் காட்சிகள் சான் பிரான்சிஸ்கோ எக்ஸ்புளோரட்டோரியத்தின் நகல்கள், மூலத்திலிருந்து விலகியதால்தான் அவை இங்கே சோபிக்கவில்லை என்பது அது. காலவரிசையே இதற்கு முழுதாக இடம் தரவில்லை: கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-இல் திறக்கப்பட்டது, எக்ஸ்புளோரட்டோரியம் 1969-இல். ஆனால் என் மறுப்பு காலத்தைப் பற்றியதன்று. அந்த ஆய்வுகள் சான்றாக நிறுத்தும் நூலைப் பற்றியது.

காட்சிகளைக் கட்டும் முறைகளைத் தரும் அந்த நூல், 1975-இல் முதல் தொகுதி வெளிவந்த 'எக்ஸ்புளோரட்டோரியம் குக்புக்', மூன்று தொகுதிகளாக வளர்ந்தது. அதை முடிந்துபோன வரைபடங்களின் திரட்டாக வாசிக்கிறார்கள். அளவுகளையும் உதிரிபாகங்களையும் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் செய்முறையை அடுத்து, தாங்கள் கட்டியதில் எது சரிவரவில்லை, வேறெப்படிச் செய்து பார்க்கலாம் என்று விமர்சிக்கும் பகுதி வருகிறது. நகலெடுக்கச் சொல்லும் நூலுக்கு இந்தப் பகுதி எதற்கு? எக்ஸ்புளோரட்டோரியத்தின் நிறுவனர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் அதைத் தொடங்குவதற்கு முன் கொலராடோ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தாமே இயக்கிப் பார்க்கும் 'சோதனை நூலகம்' ஒன்றை அமைத்தவர். எக்ஸ்புளோரட்டோரியத்தின் பட்டறையையும் பார்வையாளர் கண்ணில் படும்படியே வைத்தார். இந்தப் பின்னணியில் நூலைப் பட்டறையின் பழுதுக் குறிப்பாகக் கொள்வதே பொருந்தும் என்று கருதுகிறேன். அதில் உள்ள காற்றில் மிதக்கும் பந்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு புளோயர், ஒரு பந்து, அவ்வளவுதான். பந்தைப் பக்கவாட்டில் பாதி இழுக்கும்போது காற்றோட்டம் அதைத் திரும்ப உள்ளே இழுப்பதைக் கை உணர்கிறது. காட்சியின் பொருளே அந்த இழுப்புதான். பந்து தொலைகிறது என்று கண்ணாடிக்குள் அடைத்து வெளியே பொத்தான் வைத்தால், பந்து பத்திரமாக இருக்கும், காட்சி இருக்காது.

சென்னையில், தொடவிடுவதா அடைத்துவைப்பதா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அடையாறு கழிமுகத்துக்குப் பக்கத்துக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும், மின்தொடர்புகளில் களிம்பு பிடிக்கும். பள்ளிப் பேருந்துகள் வந்துவிட்டால் ஒரே கைப்பிடியைப் பல நூறு கைகள் திருகும். கூட்டத்தின் ஒழுங்கீனத்தைக் குறைசொல்லும் வாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை: தொடச் சொல்லிவிட்டுத் தொடுவதைப் பழிப்பது என்ன நியாயம்? செலவு பற்றிய தடைக்கு வலு அதிகம். எனினும் கையால் இயக்கும் காட்சிக்குப் பதில் தொடுதிரை வாங்கினால் பராமரிப்பு குறையும் என்ற நம்பிக்கை சரியன்று. பேரிங் தேய்ந்தால் உள்ளூர் ஃபிட்டர் மாற்றிவிடுவார், திரை போனால் விற்றவரைத் தேட வேண்டும். ஆகவே டெண்டரில் காட்சியின் விலையோடு, உதிரிகள் எந்தக் கடையில் கிடைக்கும், பின்பக்கப் பலகையை எத்தனை திருகுகளில் கழற்றலாம், மையத்தின் சொந்தப் பட்டறையில் யார் கழற்றுவார் என்பனவும் கேட்கப்பட வேண்டும்.