பெருங்கடல் துடுப்புப் பயணம்: ஆயத்தத்தின் வரலாறு

பாயும் எந்திரமும் இன்றி, துடுப்பு வலித்தே பெருங்கடலைக் கடப்பது பெருங்கடல் துடுப்புப் பயணம் எனப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் அறப்பணிகளுக்கு நிதி திரட்டும் நோக்கில் மேற்கொள்ளப்படுகிறது. கடலில் கழிவது ஒன்றிரண்டு மாதங்கள். கரையில் நடக்கும் ஆயத்தத்திற்கோ ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன.

முத்தையாபுரத்தை ஒட்டிய தூத்துக்குடிக் கடலில் துடுப்பு துணைக்கருவியாகவே இருந்தது. முத்துக்குளிப்பு வள்ளங்கள் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் பார்களுக்குச் சென்றன. பிற்பகல் கடற்காற்றில் திரும்பின. காற்று விழுந்தால் தண்டு வலித்தனர். தண்டை மட்டுமே நம்பி அட்லாண்டிக்கை முதலில் கடந்தவர்களும் சிப்பி எடுத்துப் பிழைத்தவர்களே. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் ஹார்போ, ஃபிராங்க் சாமுவேல்சன் இருவரும் 1896-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, 55 நாட்களில் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளை அடைந்தனர். அவர்களது 18 அடிப் படகு 'ஃபாக்ஸ்' நடுக்கடலில் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் பிடித்து நிமிர்த்துவதற்கென்று அடிமரத்தில் முன்பே பொருத்தியிருந்த கைப்பிடிகள் அவர்களைக் காத்தன. உணவில் பெரும்பகுதி போயிற்று. வழியில் வந்த கப்பல் ஒன்று உதவியது.

1966-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் கடுமையானது. டேவிட் ஜான்ஸ்டன், ஜான் ஹோர் என்ற ஆங்கிலேயர்கள் இப்பயணத்திற்கென்றே வடிவமைத்த 'பஃபின்' படகில் மே 21 அன்று வர்ஜீனியாவிலிருந்து புறப்பட்டனர். இரு வாரங்களுக்குப் பின், ஜூன் 4 அன்று, ஜான் ரிட்ஜ்வே, சே பிளைத் என்ற படைவீரர்கள் கேப் காட் கரையிலிருந்து கிளம்பினர். அவர்களுடைய 'இங்கிலீஷ் ரோஸ் 3', மீனவர்கள் பயன்படுத்தும் டோரி வகையைச் சேர்ந்த 20 அடித் திறந்த படகு. அதன் விளிம்பை உயர்த்தவும் வலுப்படுத்தவும் உள்ளூர் மீனவர்கள் உதவினர். செப்டம்பர் 3 அன்று அது அயர்லாந்தின் ஆரன் தீவை எட்டியது. பஃபினின் நாட்குறிப்பில் கடைசிப் பதிவும் அதே நாளுக்குரியது. அக்டோபரில் கனடியக் கடற்படைக் கப்பல் ஒன்று அப்படகைக் கவிழ்ந்த நிலையில் கண்டெடுத்தது, இருவரும் கிடைக்கவில்லை. வரைபடத்தில் பிறந்த படகு தோற்று, மீனவர் படகு கரை சேர்ந்தது என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. புயலின் பங்கும் உண்டு. ஆயினும் கடலோரத்தாரின் கைப்பழக்கம் அங்கே உயிர் காத்தது.

அதே சே பிளைத் 1997-இல் முதல் அட்லாண்டிக் துடுப்புப் பந்தயத்தை நடத்தினார். டெனெரீஃபிலிருந்து பார்படோசுக்கு 30 படகுகள் புறப்பட்டன. நியூசிலாந்தின் ராப் ஹாமில், ஃபில் ஸ்டப்ஸ் 41 நாட்களில் வென்றனர். மும்பையைச் சேர்ந்த பாவிக் காந்தி 2007-இல் தனி ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்க 106 நாட்கள் ஆயின.

இன்றைய படகுகள் கவிழ்ந்தாலும் தாமே நிமிர்பவை. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது; அது பழுதானால் கையால் இயக்கும் கருவி உண்டு. இரண்டு மணி நேரம் வலித்து, இரண்டு மணி நேரம் உறங்கும் முறைக்கு உடலைக் கரையிலேயே பழக்குகின்றனர்.

ஆயத்தத்தில் பலரும் கவனிக்காதது கணக்கு. படகு, நுழைவுக் கட்டணம், உணவு ஆகியவற்றுக்கே பெருந்தொகை வேண்டும். அதைப் புரவலர்களிடமும், நன்கொடையைப் பொதுமக்களிடமும் தனித்தனியே திரட்டுவதே நேர்மையான முறை; தம் பணம் படகுக்குப் போயிற்றா, நோயாளிக்குப் போயிற்றா என்பதை அறியக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. பந்தயம் முடிந்ததும் படகை அடுத்த குழுவுக்கு விற்று, அத்தொகையையும் அறநிதியில் சேர்ப்போர் உள்ளனர்.