இரும்புக்கை மாயாவி யார் வீட்டுச் சொத்து? சூப்பர் ஹீரோ ரைட்ஸ் பிசினஸில் ஒரு ரவுண்டு!

சுந்தரபாண்டியத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே சிவகாசி பஸ் ஏறினீங்கன்னா, தமிழ் சூப்பர் ஹீரோக்களோட தலைநகரத்துல இறங்கிடலாம். ஆமா, பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர் போன அதே சிவகாசிதான். 1972-ல் அங்கிருந்துதான் முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் வந்தது. பேரு, 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் அதே குடும்பத்துல இருந்து லயன் காமிக்ஸும் வந்தது. உங்க மாமாவோ பெரியப்பாவோ பரண்ல ஒரு பழைய பெட்டியைப் பூட்டி வெச்சு, யாரையும் தொடவிடாம இருந்தா, உள்ளே என்ன இருக்குன்னு இப்போ புரிஞ்சிருக்கும்.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வருஷக்கணக்கா 'இரும்புக்கை மாயாவி'ன்னு ஒரு படம் பற்றிப் பேசிட்டு இருக்கார். முதல்ல சூர்யா பேர் அடிபட்டது. 2025-ல், லோகேஷோட ஒரு சூப்பர் ஹீரோ படம் பண்றதா ஆமிர் கானே சொன்னார். ஒவ்வொரு தடவை இந்தப் பேச்சு வரும்போதும் கமென்ட்ல ஒரு கேள்வி தவறாம வருது: "சிவகாசிக்காரங்களுக்கு எவ்வளவு பணம் கொடுப்பாங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனா பதில் சிவகாசியில் இல்லை.

மாயாவியின் பிறந்த ஊர்

நம்ம மாயாவி அசல்ல ஒரு லண்டன்காரர். 1962-ல் 'வேலியன்ட்'ங்கிற பிரிட்டிஷ் வார இதழில் 'தி ஸ்டீல் க்ளா'ங்கிற தொடரா ஆரம்பிச்சார். எழுதினவர் கென் புல்மர், வரைஞ்சவர் ஹெசூஸ் பிளாஸ்கோங்கிற ஸ்பெயின் ஓவியர். பதிப்பகம் ஃப்ளீட்வே. கதை உங்களுக்கே தெரியும்: விபத்துல கையை இழந்த லூயிஸ் கிராண்டல், இரும்புக்கை மாட்டிக்கிறான், மின்சாரம் பாய்ஞ்சதும் இரும்புக்கையைத் தவிர மொத்த உடம்பும் மறைஞ்சுடும். மாயாவிங்கிற அந்தப் பேர்தான் நம்ம ஊர்க் கொடை. அந்தப் பேர் இல்லைன்னா தமிழ்ல இவ்வளவு ஓடியிருக்குமாங்கிறது எனக்கு சந்தேகம்தான்.

ஃப்ளீட்வே அப்புறம் ஐ.பி.சி. என்ற பெரிய நிறுவனத்துக்குள்ள போச்சு. 2005-ல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் அனுமதி வாங்கி, இந்தப் பழைய பிரிட்டிஷ் ஹீரோக்களை எல்லாம் 'ஆல்பியன்'னு ஒரு மினி தொடர்ல இறக்கிப் பார்த்தது. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன்ங்கிற வீடியோ கேம் நிறுவனம் அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தை விலைக்கு வாங்கிச்சு. மாயாவி இப்போ அவங்க பீரோவுலதான் இருக்கார்.

அப்போ சிவகாசி? அங்கே இருப்பது தமிழ்ல அச்சிட்டு விற்கிற உரிமை. இதுதான் இந்தத் தொழிலோட அடிப்படைப் பாடம். ஒரு கதாபாத்திரம்ங்கிறது ஒரு தோட்டம் மாதிரி. மாங்காய்க் குத்தகை ஒருத்தருக்கு, தேங்காய்க் குத்தகை இன்னொருத்தருக்கு, நிலம் மட்டும் மூணாவது ஆள் பேர்ல. புத்தகம், மொழிபெயர்ப்பு, சினிமா, டிவி, அனிமேஷன், கேம், பொம்மை, டி-ஷர்ட்... எல்லாத்தையும் தனித்தனியா எழுதிக் கொடுக்கலாம். மாங்காய்க் குத்தகைக்காரர்கிட்ட போய் நிலத்தைக் கேட்டா அவர் என்ன செய்வார்?

தலைப்பு விஷயம் தனிக்கதை. 'தேசி பாய்ஸ்' பட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: வெறும் தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. அதனால ஒருத்தர் 'இரும்புக்கை மாயாவி'ன்னு பேர் மட்டும் வெச்சு, முழுக்க வேற கதை எடுத்தா, காப்புரிமைச் சட்டத்துல அதைத் தடுக்கிறது கஷ்டம். தயாரிப்பாளர் சங்கத்துல டைட்டில் பதியறாங்களே, அது தொழிலுக்குள்ள அவங்களே வெச்சுக்கிட்ட ஏற்பாடு. ஆனா ஷாக் அடிச்சதும் கையைத் தவிர மறையுற கிராண்டலைக் காட்சிக்குக் காட்சி அப்படியே எடுத்தா, ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். "அறுபது வருஷப் பழைய கதைதானே, இன்னுமா உரிமை?"ன்னு கேக்குறீங்களா? இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து 60 வருஷம் வரை உரிமை நிக்கும். பிளாஸ்கோ இறந்தது 1995. ஓவியத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 2055 ஆயிடுது.

130 டாலரும் ஸ்பைடரும்

லயன் காமிக்ஸ் படிச்சவங்களுக்கு இன்னொரு ஸ்பைடரைத் தெரியும். மார்வெல் பையன் இல்லை. கூரான காது, முதுகுல ஒரு ஜெட், வாயைத் திறந்தா தற்பெருமை. வில்லனா ஆரம்பிச்சு ஹீரோவா மாறின ஆள். இவரும் பிரிட்டிஷ்காரர்தான், 1965-ல் பிறந்தவர். ஆரம்பத்துல டெட் கோவன் எழுதினார். அடுத்து நிறைய அத்தியாயங்களை எழுதினவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின இருவரில் ஒருத்தர்!

உலகத்துலயே பெரிய ஹீரோவை உருவாக்கினவர், அமெரிக்காவுல உட்கார்ந்துகிட்டு ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு வாராவாரம் எழுதிட்டு இருந்தார். ஏன்னா 1938-ல் சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் 130. அப்புறம் கோர்ட், கேஸ்னு அலைஞ்சாங்க. பெரிய சூப்பர்மேன் படம் தயாராகிட்டு இருந்த 1975-ல், பத்திரிகைகள்ல விஷயம் வெடிச்ச பிறகுதான், ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளிகள்னு பேர் போடுறதும் கிடைச்சது.

சிவகாசியில் அச்சாகி, நம்ம பெரியப்பாக்கள் வாடகைக்கு வாங்கிப் படிச்ச ஸ்பைடர் கதைகளுக்குப் பின்னால அந்த 130 டாலர் கையெழுத்து இருக்கு. எனக்கு இது தெரிஞ்ச நாள்ல இருந்து ஸ்பைடரோட தற்பெருமை வேற மாதிரிதான் காதுல விழுது.

மார்வெல் கடையைக் காலி பண்ணின கதை

இப்போ பணக்கார மார்வெலும் ஒரு காலத்துல அடகுக் கடை வாசல்ல நின்ன ஆள்தான். 1996 டிசம்பர்ல திவால். கையில் காசில்லை, பீரோ நிறைய ஹீரோக்கள். ஒவ்வொருத்தரா வெளியே போனாங்க. எக்ஸ்-மென் அதுக்கு முன்னாடியே ஃபாக்ஸுக்குப் போயாச்சு. 'பிளேடு' 1998-ல் படமா வந்து நல்லா ஓடியும், மார்வெலுக்குக் கிடைச்சது வெறும் 25,000 டாலர்னு சொல்லுவாங்க. அதே 1998-ல் சோனிகிட்ட ஏறக்குறைய எல்லா ஹீரோக்களையும் சேர்த்து 2.5 கோடி டாலருக்குத் தர்றோம்னு மார்வெல் கேட்டது. சோனி, "ஸ்பைடர்மேன் மட்டும் போதும்"னு ஒரு கோடி டாலரும் வசூல்ல 5 சதவிகிதமும் பேசி வாங்கிட்டுப் போச்சு. 2002-ல் வந்த முதல் ஸ்பைடர்மேன் படம் உலகம் முழுக்க 82 கோடி டாலருக்கு மேல வசூல். அயர்ன்மேனை வேண்டாம்னு சொன்ன மீட்டிங்கை சோனியில் யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

ஸ்பைடர்மேன் படம் ஏன் அடிக்கடி புதுசா ஆரம்பிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஒப்பந்தத்துல ஒரு கெடு இருக்கு. முந்தைய படம் ரிலீஸாகி 3 வருஷம் 9 மாசத்துக்குள்ள அடுத்த ஷூட்டிங் ஆரம்பிக்கணும், 5 வருஷம் 9 மாசத்துக்குள்ள தியேட்டருக்கு வரணும். தவறினா உரிமை மார்வெலுக்கே திரும்பிடும். 2007-ல் மூணாவது பாகம், நாலாவது பாகம் நின்னுபோச்சு, 2012-ல் புது ஹீரோவோட திரும்ப முதல்ல இருந்து. இப்போ கணக்கு சரியா வருதா?

இந்தக் கெடுவுக்காக நடந்த கூத்துகள்ல முதல் பரிசு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'க்குத்தான். உரிமை கைவிட்டுப் போகப்போகுதுன்னு, 1992 டிசம்பர் கடைசியில் அவசரமா ஷூட்டிங் தொடங்கினாங்க. செலவு சுமார் பத்து லட்சம் டாலர். டிரெய்லர் வந்தது, நடிகர்கள் ஊர் ஊரா போய்ப் பேசினாங்க. படம் மட்டும் இன்னிக்கு வரைக்கும் முறையா ரிலீஸ் ஆகலை!

2005-ல் மார்வெல் சுதாரிச்சது. மிச்சமிருந்த ஹீரோக்களின் சினிமா உரிமையை ஈடு வெச்சு 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு பண்ணி, சொந்தமா படம் எடுக்க இறங்கினாங்க. அயர்ன்மேன் ஓடலைன்னா... சரி, ஓடிடுச்சு. 2009-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலையே வாங்கிடுச்சு. 2019-ல் ஃபாக்ஸையும் 7,130 கோடி டாலருக்கு வாங்கினதுல எக்ஸ்-மென் வீடு திரும்பினாங்க. ஸ்பைடர்மேன் மட்டும் இன்னும் சோனி பிள்ளை. அதே 2019 ஆகஸ்ட்ல டிஸ்னிக்கும் சோனிக்கும் பேச்சு முறிஞ்சு, ரசிகர்கள் ட்விட்டரைக் கொளுத்தி, செப்டம்பர்லயே ராசியானது ஞாபகம் இருக்கா?

நம்ம பக்கம் என்ன நிலவரம்?

'முகமூடி', 'ஹீரோ', 'வீரன்', 'மாவீரன்'னு தமிழ்ல சூப்பர் ஹீரோ படங்கள் வந்தாச்சு. எதுவும் காமிக்ஸ்ல இருந்து வாங்கினது இல்லை, நேரடியா சினிமாவுக்கு எழுதினதுதான். அப்படிப் பிறந்த ஹீரோவுக்கும் 'யார் சொந்தக்காரர்' பிரச்னை வரும்ங்கிறதுக்கு மலையாள 'மின்னல் முரளி' ஒரு உதாரணம். 2021-ல் நெட்ஃப்ளிக்ஸ்ல வந்து நாடே கொண்டாடின படம். தயாரிப்பு நிறுவனம் அந்தக் கதை உலகத்தை வெச்சு அடுத்தடுத்த படங்கள் பண்ணப் போனப்போ, எழுத்தாளர்கள் "கதாபாத்திரங்கள் எங்களோடது"ன்னு நீதிமன்றம் போனாங்க. எர்ணாகுளம் மாவட்ட நீதிமன்றம் தடை போட்டது. படத்துக்கு எழுதிக் கொடுத்தா, பாத்திரமும் சேர்ந்து போயிடுச்சுன்னு அர்த்தமான்னு முதல் நாளே பேப்பர்ல எழுதாததால வந்த வினை.

தமிழ்ல 'சர்கார்' ஞாபகம் இருக்கும். 2007-ல் எழுத்தாளர் சங்கத்துல பதிஞ்சு வெச்ச ஒரு கதைதான் அந்த உதவி இயக்குநருக்குத் துணை நின்னது. 2018-ல் சமரசமாகி, படத்துல அவர் பேர் வந்தது.

டேப்லெட்ல ஹீரோ வரையிறவங்க மட்டும் இதைப் படிங்க

இன்ஸ்டாவில் சொந்தமா ஹீரோ வரையிற பசங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் உண்டு. உங்களுக்கு ஒருநாள் சென்னையில இருந்து போன் வரலாம். "தம்பி, உங்க கேரக்டரை வெச்சு வெப் சீரிஸ் பண்ணலாம்னு இருக்கோம்"னு குரல் தேன் மாதிரி இருக்கும். அப்போ இதெல்லாம் ஞாபகத்துல இருக்கட்டும்.

முதல்ல வர்றது பெரும்பாலும் 'ஆப்ஷன்'தான், விற்பனை இல்லை. சின்னத் தொகை கொடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு வேற யாருக்கும் கொடுக்காம பிடிச்சு வைக்கிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் மாதிரி. படம் உறுதியானா முழு விலை, இல்லைன்னா காலம் முடிஞ்சதும் உரிமை உங்ககிட்டயே. ஆப்ஷன்னு சொல்லிட்டு நீட்டுற பேப்பர்ல 'முழு உரிமை, நிரந்தரமாக, உலகம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட'ன்னு இருந்தா, பேனாவைக் கீழே வைங்க.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன் 19-வது பிரிவு உங்க பக்கம் கொஞ்சம் நிக்குது. எழுத்துல, உங்க கையெழுத்தோட இல்லைன்னா உரிமை மாற்றம் செல்லாது. எவ்வளவு காலம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியா மட்டும்தான். வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லாத பட்சத்துல, உரிமை காலாவதி. அந்த 'வேற மாதிரி சொல்லாத பட்சத்துல'தான் கண்ணி. விவரமான கம்பெனி கண்டிப்பா வேற மாதிரி சொல்லியிருக்கும், அந்த வரியைத் தேடிப் படிங்க.

சம்பளத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும்போது வேலையா வரைஞ்ச ஹீரோ, தனியா ஒப்பந்தம் இல்லைன்னா, ஸ்டுடியோவுக்குத்தான் சொந்தம். ராத்திரி வீட்ல வரையிற சொந்த ஹீரோவை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சேமிக்காதீங்க.

பொம்மை, டி-ஷர்ட், கேம் உரிமையை சினிமா உரிமையோட சேர்த்துக் கட்டித் தராம தனியா வைங்க. லாபத்துல பங்குன்னா 'நிகர லாபம்' வேண்டாம், செலவு எழுதி எழுதியே அதைச் சைபர் ஆக்கிடுவாங்க. சோனிகிட்ட மார்வெல் கேட்டு வாங்கினதும் மொத்த வசூல்ல பங்குதான்.

காப்புரிமை நீங்க வரைஞ்ச நிமிஷமே வந்துடும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனா தேதியை நிரூபிக்க ஒரு ஆதாரம் வேணுமே? மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்துல ஆன்லைன்லயே பதியலாம், ஒரு எழுத்து அல்லது ஓவியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்கள்ல பயன்படுத்துற ஓவியம்னா 2,000.

ஆமா, இன்னொண்ணு. மாயாவியை ஆசைக்கு வரைஞ்சு ஸ்டேட்டஸ்ல போடுறதுக்கு யாரும் சண்டைக்கு வரப்போறது இல்லை. அதையே டி-ஷர்ட்ல அடிச்சு விற்க நினைக்கிறவங்க, முதல்ல ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. சூப்பர்மேன்னா இன்னும் கொஞ்சம் பொறுங்க. 1938-ல் வந்த அந்த முதல் சூப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1-ல் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகுது. 130 டாலர்கூடத் தர வேண்டியது இருக்காது.