வெள்ளைப் புலிக்கு முன்னால் சோலைமந்தி

வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போவதென்று முடிவானதும் குடும்பத்தில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது வெள்ளைப் புலி. அடுத்து சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கைப் பார்ப்பதற்கென்றே கிளம்புகிறவர்கள் மிகக் குறைவு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது. காட்டில் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 4,000தான். அரிய விலங்கைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதற்குச் சென்னை மிருகக்காட்சி சாலையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், அங்கே உயிருள்ள விலங்குகளை வைத்தபோது கூட்டம் பெருகுவதைக் கவனித்தார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். 1860களில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் இதை உயிர்க் காலேஜ் என்றும் சென்னைவாசிகள் அழைத்தார்கள். நூறாண்டுக்கு மேல் நகரத்துப் பிள்ளைகள் புலியை நேரில் கண்டது அங்கேதான்; அந்த மகிழ்ச்சியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அங்கே விலங்குக்கு மதிப்பு தந்தது அது கண்ணுக்குத் தந்த வியப்பு. ஒன்று இறந்தால் இன்னொன்றைப் பிடித்து வரலாம். 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். வண்டலூர் பூங்காவைத் திறந்தபோது இடம் 510 ஹெக்டேராக விரிந்தது; பல விலங்குகளுக்குக் கம்பிக் கூண்டு போய் அகழி சூழ்ந்த திறந்தவெளி வந்தது. பார்வையாளரின் ஆசை மட்டும் பீப்பிள்ஸ் பார்க்கிலேயே நின்றுவிட்டது.

வெள்ளைப் புலியின் கதை இதற்குச் சரியான சான்று. 1951இல் ரேவா பகுதியில் நடந்த வேட்டையில் தாயும் உடன்பிறந்தவையும் கொல்லப்பட, ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் உயிரோடு பிடிபட்டது. மோகன் என்று பெயரிட்டு ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் அதை வளர்த்தார். வழக்கமான நிறமுள்ள பெண்புலியோடு சேர்த்ததில் வெள்ளைக் குட்டி ஒன்றும் பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் மோகினி 1960இல் வாஷிங்டனுக்கே போனது. உலகெங்கும் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. தனி இனமும் இல்லை, துணையினமும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம்தான் அந்த நிறம் என்று 2013இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். நிறத்தைக் காப்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததில் மாறுகண்ணும் வேறு குறைகளும் சேர்ந்தே வந்தன. வேண்டுமென்றே வெள்ளைப் புலிகளைப் பெருக்குவதை 2011இல் அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளின் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது. நாம் அரிதென்று தேடிப் போவது பெரும்பாலும் மனிதன் கூண்டுக்குள் உண்டாக்கிய அரிது.

வெள்ளைப் புலி இழுத்துவரும் கூட்டத்தின் டிக்கெட் பணத்தில்தானே மற்ற விலங்குகளுக்கும் தீனி போடுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வழக்கமான நிறமுள்ள புலி கூட்டத்தை இழுக்காதா? அதைப் பார்த்து வாய்பிளக்காத குழந்தையைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. மேலும் புலிக்கான இடம் எந்தப் பூங்காவிலும் அளவானது. காட்டுப்புலியின் மரபுவளத்தைக் காக்க எந்த வகையிலும் உதவாத ஒரு வழியை வளர்க்க அந்த இடத்தைச் செலவிடுவது, பெற்ற பணத்தால் ஈடாகாத இழப்பு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அரிய விலங்கு காட்டில்தான் இருக்க வேண்டும், அடைத்து வைத்துப் பார்ப்பதால் சோலைமந்திக்கு என்ன லாபம்? காட்டில் 1972இல் அடியோடு அழிந்த அரேபிய ஓரிக்ஸ் மான், கூண்டில் பெருகியவற்றைக் கொண்டே 1982இல் ஓமன் பாலைவனத்துக்குத் திரும்பியது என்பது ஒரு பதில். ஆனால் சோலைமந்திக்கு அது முழுப் பதிலாகாது. அதற்குக் குறைவாக இருப்பது மழைக்காடு. வண்டலூர் திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1984இல், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்திலிருந்து தப்பித் தேசியப் பூங்காவானது. அந்தக் காட்டுக்காக எழுந்த குரலுக்கு முகமாக நின்றது இந்தக் கறுத்த உடலும் வெள்ளிப் பிடரியும் கொண்ட குரங்குதான். மரத்திலேயே வாழ்ந்து மெதுவாகப் பெருகும் இந்த விலங்கைக் காட்டில் தேடிப் பார்ப்பது நகரத்து மக்களில் மிகச் சிலருக்கே வாய்க்கும். மற்றவர்களுக்கு அதை அறிமுகம் செய்துவைக்க வண்டலூர் இருக்கிறது.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது சில எளிய மாற்றங்கள் போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்து, வெயில் ஏறுமுன் போய், கால்கள் களைப்பதற்குள் குரங்குகளிடம் வந்துவிடலாம். அரை மணி நேரமாவது அங்கே நிற்கலாம். அதன் பயன் மேற்குத் தொடர்ச்சி மலையில் தெரியும்: வால்பாறையில் புதுத்தோட்டம் வழியாகப் போகும் சாலையைச் சோலைமந்திகள் கடக்கின்றன. வண்டியில் அடிபட்டுச் சாகாதிருக்க, மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் அந்தச் சாலையில் காரோட்டிப் போகிறவர்களில் பலர் வண்டலூருக்கும் வந்து போகிறவர்களாக இருக்கலாம். சாலையோரம் நிற்கும் குரங்கு எது என்று அவர்களுக்குத் தெரிந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், ஜன்னல் வழியே பிஸ்கட் வீசமாட்டார்கள்.