ஒற்றைச் சொல் உரைத்த உண்மை

பேச்சு எங்கே பிறக்கிறது? நெஞ்சிலே என்றனர் சிலர். ஆண்டவன் அருளிலே என்றனர் சிலர். ஆய்ந்து அறிந்தவர் எவர்?

1861-ஆம் ஆண்டு, பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், ‘டான்’ என்பதன்றி வேறு சொல் பெரும்பாலும் உரைக்க இயலா நோயாளி ஒருவர் மாண்டார். பிறர் பேச்சு அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. மருத்துவர் பால் புரோக்கா அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முன்புறத்திலே பழுது கண்டார். உடனே முடிவு கட்டினாரா? இல்லை. மேலும் பலரை ஆராய்ந்த பின்னரே, 1865-இல், பேச்சாற்றல் இடப்பாதியைச் சார்ந்தது என்றார்.

அதே புரோக்காதான், பெண்ணின் மூளை சிறுத்திருப்பதற்கு அறிவுக் குறைவும் ஒரு காரணம் என்று எழுதினார்! அங்கே பேசியது சான்றன்று, ஆணின் ஆணவம். அறிவியல் முன்னதைக் கொண்டது, பின்னதைத் தள்ளிற்று.

இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் அறுக்கப்பட்டோரை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி, வலப்பாதிக்கும் தனித்திறன் உண்டெனக் காட்டி, 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அதைக் கேட்டவர் சிலர், ‘இவர் இடமூளைக்காரர், அவர் வலமூளைக்காரர்’ என்று புதிய சாதகம் கணிக்கின்றனர்! நலமுள்ள மூளையில் இரு பாதிகளும் இணைந்தே உழைக்கின்றன.

தோழர்களே! சொன்னவர் யாரென்று மயங்காதீர். சான்று எங்கே என்று கேளுங்கள்!