இரண்டு பதிவேடுகள்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு வலியை வலி என்று சொல்லத் தெரியாது. வயிறு வலித்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்வார்கள், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள், இரவெல்லாம் கத்துவார்கள். "இவங்க அப்படித்தான்" என்று மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் மலச்சிக்கலோ குடல்வால் அழற்சியோ யார் கண்ணிலும் படாமல் முற்றிவிடும். நோயின் அறிகுறியைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பிழை இங்கிலாந்திலும் நடக்கிறது, தமிழ்நாட்டிலும் நடக்கிறது. பிழை ஒன்றுதான். அதை எதிர்கொள்ள இரு அரசுகளும் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள்தான் வேறு.

சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் பின்தங்கியிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி சேவையை மாற்றியமைக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டம் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. நமது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: வருமான வரம்புக்கு உட்பட்டு அருகிலேயே இலவச சிகிச்சை, அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையற்ற அணுகல், சிகிச்சையில் முன்னுரிமை. ஆனால் முன்னுரிமை கொடுக்க வேண்டுமென்றால் வந்திருப்பவர் யார் என்று மருத்துவமனைக்குத் தெரிய வேண்டும். வேறுபாடு தொடங்குவது இங்கேதான்.

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கெனக் குடும்ப மருத்துவரிடமே ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் உள்ள 14 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். எடை, ரத்த அழுத்தம், வலிப்பு, பார்வை, செவி, மலச்சிக்கல், உட்கொள்ளும் மாத்திரைகள் எல்லாம் பார்க்கப்படும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டும் சேரும். இந்தப் பரிசோதனைக்காக மருத்துவருக்குத் தனியாகப் பணமும் உண்டு. நோயாளி தேடி வரும்வரை காத்திராமல் மருத்துவம் அவரைத் தேடிப் போவதுதான் இதன் அடிப்படை.

நம்மிடமும் பதிவேடு உண்டு. தனித்துவ அடையாள அட்டை, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு என்று சொல்லும் சான்றிதழ், மாதப் பராமரிப்பு உதவித்தொகை எல்லாமே மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் வழியாக வருகின்றன. மருத்துவர்கள் குழு அமர்ந்து குறைபாட்டை அளக்கிறது, ஆனால் அந்த மனிதரின் உடல்நலத்தைத் தொடர்ந்து பார்ப்பது அதன் வேலையல்ல. ஒருவருக்கு எத்தனை விழுக்காடு குறைபாடு என்பது அரசுக்குத் தெரியும், அவருக்குத் தைராய்டு இருக்கிறதா என்பது தெரியாது. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயதுவரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பரிசோதனை உண்டு. பதினெட்டு முடிந்ததும் அந்த அழைப்பு நின்றுவிடுகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் காப்பீடு யாரையும் பரிசோதனைக்கு அழைப்பதில்லையே?

இந்த வேறுபாடு 2021இல் கொரோனா தடுப்பூசியின்போது நன்றாகவே தெரிந்தது. இங்கிலாந்தில் அந்த ஆண்டு பிப்ரவரியில், குடும்ப மருத்துவரின் பதிவேட்டில் பெயர் இருக்கும் அனைவரும் முன்னுரிமைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவிலும் மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இணைநோய்ப் பட்டியலில் அறிவுசார் குறைபாடு இருந்தது. ஆனால் 45 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே, அதுவும் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான். அங்கே பட்டியல் ஆளை அழைத்தது, இங்கே ஆள் பட்டியலைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு கதை கொஞ்சம் மாறுகிறது. நமது அரசு மருத்துவமனை வார்டில் அம்மா கூடவே இருக்கிறார். மகனின் எந்த முனகல் பசிக்கு, எந்த முனகல் வலிக்கு என்று அவருக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டால்தான் ஊசி போட முடியும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இங்கிலாந்தில் இந்த அறிவைத் தாளில் எழுதி வைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சைப் பக்கங்களில் ஒவ்வாமை, பயம், பேசும் முறை, வலியைக் காட்டும் விதம் எல்லாம் குறிக்கப்பட்ட கையேட்டை நோயாளி உடன் கொண்டுவருவார். பல மருத்துவமனைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற தொடர்புச் செவிலியரும் உண்டு. தாயோடு ஒப்பிட்டால் தாள் ஏழைதான். ஆனாலும் தாய்க்கு முதுமை உண்டு, மரணம் உண்டு. "எனக்குப் பிறகு யார்?" என்று நம் பெற்றோர் கேட்பது சொத்தையும் சோற்றையும் பற்றி மட்டுமல்ல. வலியை மொழிபெயர்த்துச் சொல்ல யார் என்பதும் அதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்தை உயர்த்திப் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இந்த நிலைக்கு வந்து சேர்ந்ததே மரணங்களின் வழியாகத்தான். பொது மருத்துவச் சேவையின் கவனிப்பில் இருந்த அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பேர் அலட்சியத்தால் இறந்ததை, இவர்களுக்காகப் பாடுபடும் மென்கேப் அமைப்பு 2007இல் வெளிப்படுத்தியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் இத்தகைய 247 மரணங்களை ஆராய்ந்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. மற்றவர்களைவிட இவர்களில் ஆண்கள் சராசரியாக 13 ஆண்டுகளும் பெண்கள் 20 ஆண்டுகளும் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்றது அது. அதன் பிறகு இத்தகைய மரணங்களை ஆராயத் தேசிய அளவில் ஒரு திட்டம் வந்தது. இன்றும் நிலைமை வெட்கப்படும்படிதான் இருக்கிறது. 2022இல் நேர்ந்த இத்தகைய மரணங்களில் 42 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியவை, பொதுமக்களிடையே இது 22 விழுக்காடு. பதிவேட்டில் இருப்பவர்களும் மொத்தத்தில் கால் பங்கினர்தான் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் தங்கள் தோல்வியின் அளவு அவர்களுக்கு எண்ணிக்கையில் தெரிகிறது. 2022இல் மருத்துவப் பணியாளர்களுக்கு இது பற்றிய பயிற்சியைச் சட்டமே கட்டாயமாக்கியதற்கும், இப்படி எண்ணிப் பார்த்த மரணங்களும் பிள்ளைகளை இழந்த பெற்றோரின் போராட்டங்களுமே காரணம். நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை. ஒருவர் இறந்தால் உதவித்தொகை நிற்கிறது, ஏன் இறந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இறப்பை எண்ணி அதிலிருந்து கற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மகப்பேற்றில் ஒரு தாய் இறந்தால் காரணத்தை விசாரித்து எழுதும் தணிக்கையை நாட்டுக்கே முன்னோடியாகச் செய்த மாநிலம் இது. லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 என்றிருந்த தாய்மார் இறப்பு, 2018-20இல் 54ஆகக் குறைந்ததில் அந்தத் தணிக்கைக்கும் பங்குண்டு. வீட்டுக்கே போகும் மருத்துவமும் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வாசலில் மாத்திரை கொடுக்கிறது. நலத்துறையிடம் இருக்கும் பெயர்ப் பட்டியலை அந்தப் பணியாளர்களின் கைக்கு மாற்றி, ஆண்டுக்கு ஒரு பரிசோதனையைச் சேர்த்து, நேரும் மரணங்களைத் தணிக்கை செய்தால் இங்கிலாந்து நடந்த நீண்ட வழியின் பாதித் தூரத்தை நாம் சுருக்கிவிடலாம். இதற்குப் புதுச் சட்டமோ புதுத் துறையோ தேவையில்லை. நலத்துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.