ஆட்டோ சங்கர் (இணையத் தொடர்)

2019இல் ஜீ5 தளத்தில் வெளியான தமிழ்க் குற்றத் தொடர். இயக்கம்: ரங்கன். சங்கராக நடித்தவர் மலையாள நடிகர் அப்பானி சரத்.

கதைக்கு மூலம், 1980களின் இறுதியில் சென்னையைக் கலங்கடித்த கௌரி சங்கர் வழக்கு. பெயின்டராக வந்தவர், ஆட்டோ ஓட்டினார், சாராயம் கடத்தினார், பாலியல் தொழில் நடத்தினார். திருவான்மியூர் பெரியார் நகரில் வசதியான குடும்பத் தலைவர்; அதே பகுதி வீடுகளில்தான் கொலையுண்டவர்கள் சிலர் புதைக்கப்பட்டிருந்தனர். ஆறு கொலைகளுக்காக 1991இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சேலம் மத்தியச் சிறையில் 1995 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அமெரிக்கத் தொடரான டெக்ஸ்டரின் நாயகன் கற்பனைப் பாத்திரம். பகலில் போலீஸ் துறையில் வேலை, இரவில் கொலை. சங்கரின் இரட்டை வாழ்க்கைக்கு அந்த நுட்பமெல்லாம் தேவைப்படவில்லை. போலீசாரும் அதிகாரிகளும் அவருக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள் என்பதே பெரிய விவகாரம். எந்தத் திரைக்கதையையும்விட அழுத்தமான பகுதியும் அதுதான்.

சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை தடுத்தது. இதழாசிரியர் தொடுத்த ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் அனுமதியின்றியே வெளியிடலாம், அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது, அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை மீறப்படும். 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி தீர்ப்பிலும் இவ்வழக்கு எடுத்தாளப்பட்டது.