முள்ளும் காவற் கலமும்

முள் தைத்த விரல் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, நோகிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் உரோமானிய நூலாசிரியர் செல்சசு, அழற்சியின் அடையாளங்களாக இந்நான்கினையுமே குறித்துவைத்தார். அடையாளங்கள் அறியப்பட்டனவேயன்றி, அவற்றின் பயன் யாதென்பது நெடுங்காலம் துலங்கவில்லை.

1867 ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் கோன்ஹைம், தவளையின் அழற்சியுற்ற உறுப்பை நுணுக்குக்காட்டியால் நோக்கி, வெண்குருதிக் கலங்கள் குருதிக்குழாய்ச் சுவரை ஊடுருவி வெளியேறுவதைக் கண்டார். ஆயினும், அக்கலங்கள் நோய்க்கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புவன என்றே அக்காலத்து நோயியலார் பலர் கருதினர். காவலாளியே கள்வனெனப் பழிக்கப்பட்டான்.

அப்பழியைத் துடைத்தவர் உருசிய விலங்கியலறிஞர் இலியா மெச்சினிக்கோவ். 1882 இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, கண்ணாடிபோன்ற உடலையுடைய நட்சத்திரமீன் குடம்பியினுள் தோட்டத்து ரோசா முள்ளை அவர் செலுத்தினார். மறுநாட் காலையில், அசையும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அக்குடம்பிக்குக் குருதிக்குழாய்கள் இல்லை. ஆகவே, செம்மையும் வெம்மையும் அழற்சியின் புறக்கோலமே. அந்நியப் பொருளை எதிர்க்கக் கலங்கள் திரள்வதே அதன் உட்பொருள் என அவர் துணிந்தார். 1908 இல் அவருக்கும், நிர்ப்பீடனத்தை ஆராய்ந்த மற்றொருவரான போல் எர்லிக்குக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

எனினும், காவற்படை கலையாது நின்று போரிட்டால் காக்கவேண்டிய ஊரே பாழாகும். மூட்டுவாதத்தின் கொடிய வகையொன்றில், உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்த மூட்டுக்களையே தாக்குகிறது. கலங்கள் ஒன்றையொன்று ஏவும் இரசாயனத் தூதுகளுள் டி.என்.எஃப். என்பது ஒன்று. அதனைத் தடுக்கும் மருந்தை 1992 இல் இலண்டனில் மைனியும் பெல்ட்மனும் அந்நோயாளருக்கு முதன்முதலாக அளித்தபோது வீக்கமும் வலியும் தணிந்தன. ஆனால், அத்தகைய மருந்து பெற்றோர் சிலரிடம், உள்ளே அடங்கிக் கிடந்த காசநோய் மீண்டும் தலைதூக்குவதும் பின்னர் காணப்பட்டது. தூதை மறித்தபோது காவலும் தளர்ந்தது.

2020 இல் பிரித்தானியாவில் கோவிட் நோயாளரிடை நடந்த ஆய்வும் இதனையே உணர்த்திற்று. அழற்சியை அடக்கும் டெக்சாமெதசோன் என்னும் மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் உயிர்த்திருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் உதவி வேண்டாதிருந்தோருக்கோ அதனால் நன்மை விளையவில்லை.

அழற்சி வேண்டிய வேளையில் எழவேண்டும். வேலை முடிந்ததும் அடங்கவேண்டும். அவ்வேளையை அறிந்து மருந்தளிப்பதிலேயே மருத்துவரின் திறன் தங்கியுள்ளது.